பூட்டிய நாற்பதாவது வீடு

எண்ணூர்க் குடியிருப்பின் ஆயிரத்து இருநூறு வீடுகளில் சீட்டுக் குலுக்கி எடுத்தவை நாற்பது. முப்பத்தொன்பது முடிந்துவிட்டன. கடைசி வீடு மூன்றாவது நாளாகக் காலையில் பூட்டிக் கிடந்தது. எத்தனை வீட்டில் இருமல் என்று கணக்கெடுக்கும் ரமாபாய் அதன் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். மாலைக்குள் தாள்களைக் கொடுக்க வேண்டும்.

"இன்னாக்கா, பூட்டுக்குக் காவலா? என் வூட்டை எழுதிக்கோ. எல்லாரும் இருமிக்கினுதான் கீறோம்" என்றாள் எதிர்வீட்டுப் பச்சையம்மா.

"உன் வூடு சீட்டுல வர்லம்மா."

போன வருடம் பூட்டிய வீடுகளுக்குப் பதிலாகப் பகலில் திறந்திருந்த வீடுகளை எழுதினார்கள். வேலைக்குப் போக முடியாத நோயாளிகள்தானே பகலில் வீட்டில் இருப்பார்கள்? எண்ணிக்கை எகிறியது. இது ஊர்க்கணக்கே இல்லை என்று அதிகாரிகள் தள்ளிவிட்டார்கள். மருத்துவ முகாம் வரவில்லை. இந்த முறையும் அப்படி ஆகிவிட்டால்?

விடியுமுன் காசிமேட்டுக்குப் போன மதி, மீன் விற்றுவிட்டு இரண்டு மணிக்குக் காலிக் கூடையோடு வந்து பூட்டைத் திறந்தாள்.

"வூட்டுல யாருக்குனா இருமல் கீதாம்மா?"

"நான் ஒருத்திதான். கல்லு மாதிரி கீறேன்."

"போச்சு, ஒண்ணு கொறஞ்சுது!" என்று பச்சையம்மா உச்சுக்கொட்டினாள்.

ரமாபாய் 'இல்லை' என்று எழுதினாள். இருமல் உள்ள வீடுகள் நாற்பதில் பதினேழு. முகாம் வர அது போதுமா என்ற பயம் போகவில்லை. ஆனால் இந்தத் தாளைத் தள்ளிவிட யாருக்கும் காரணம் கிடைக்காது.