நீலத் தண்ணீர் குடித்த மல்பெரி

எங்கள் பால்கனியில் இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் வீட்டுக்குள் இருந்துதான் பேச வேண்டும். அதிலும் பாதி இடத்தை ஒரு மல்பெரிச் செடி பிடித்துக்கொண்டிருந்தது. ஒரகடம் பக்கத்தில் எல்லோரும் செய்வதைப் போல, காயலாங்கடையில் ஒரு நீல பேரல் வாங்கிக் குறுக்கே அறுத்து, ஒரு பாதியில் தண்ணீர் பிடித்தேன், மறு பாதியில் மண்ணைக் கொட்டி அதை நட்டேன். தொட்டியிலேயே காய்க்கும் என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லித்தான் நர்சரிக்காரர் விற்றார். இலை இலையாக விட்டதே தவிர, ஒரு பழத்தைக்கூடக் கண்ணில் காட்டவில்லை. "பேசாம பட்டுப்பூச்சி வாங்கி வுட்டுர்லாமா?" என்று என் கணவர் வாரம் தவறாமல் கேட்பார்.

போன கோடையில் ஒரு நாள், கீழே குடியிருக்கும் ஹவுஸ் ஓனர் அக்கா படிக்கட்டில் நின்று குரல் கொடுத்தார்.

"இன்னாம்மா, நீ செடிக்கு ஊத்துற தண்ணி என் கட்டில் மேல சொட்டிகினு கீது. வந்து பாரு."

போய்ப் பார்த்தேன். எங்கள் பால்கனிக்கு நேர் கீழே அவருடைய படுக்கையறை. கூரையும் சுவரும் சேரும் மூலையில் ஈரம் படர்ந்து, சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது. அன்றிலிருந்து செடிக்கு ஒரு சொம்புக்கு மேல் ஊற்றவில்லை. ஈரம் குறையவில்லை, இன்னும் பெரிதானது. கடைசியில் அக்கா கறாராகச் சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமைக்குள் பேரல் போக வேண்டும். அதற்குப் பிறகும் சொட்டினால் நாங்கள் போக வேண்டும்.

இந்தப் பக்கத்தில் குடும்பத்துக்கு வீடு கிடைப்பது குதிரைக் கொம்பு. ஷிப்டுக்கு வரும் பையன்களுக்கு ஆளுக்கு இவ்வளவு என்று விட்டால் வாடகை கூடுதலாக வருகிறது என்று எல்லோரும் அப்படியே விடுகிறார்கள். இந்த வீட்டிலிருந்து என் மகளின் பள்ளிக்கூடம் அடுத்த தெரு. நான் வேலைக்குப் போகும் கம்பெனி பஸ் தெருமுனையிலேயே நிற்கும். வேறு வீடு என்றால் மகளுக்கு வேறு பள்ளிக்கூடம், அதுவும் சரிப்படாவிட்டால் நான் வேலையை விட வேண்டும். யோசனை சுற்றிச் சுற்றி அங்கேதான் வந்து நின்றது.

ஞாயிறு காலையில் என் கணவர் அரிவாளை எடுத்தார். பேரலைப் படிக்கட்டில் இறக்கக் கனம் குறைய வேண்டும் என்று கிளைகளையெல்லாம் வெட்டி, மிச்சமிருந்த இலைகளையும் உருவிப் போட்டார். நட்ட குச்சிகளாக நின்ற செடியைப் பார்த்ததும் எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. கம்பெனியில் என் வேலையே கசிவு பார்ப்பதுதான். கார்களுக்குப் போகும் பிளாஸ்டிக் தொட்டிகளில் சாயத் தண்ணீர் நிரப்பி, எங்கே கசிகிறது என்று பார்க்க வேண்டும். சோதிக்காமல் ஒரு தொட்டியையும் நாங்கள் ஓரங்கட்ட மாட்டோம். என் வீட்டுத் தொட்டிக்கு மட்டும் ஏன் அந்த மரியாதை இல்லை?

துணிக்குப் போடும் சொட்டு நீலம் ஒரு பாட்டிலை அப்படியே வாளித் தண்ணீரில் கவிழ்த்தேன். கீழே போய் அக்காவின் கட்டிலில் ஒரு வெள்ளை வேட்டியை விரித்தேன்.

"நீலமா சொட்டுச்சுன்னா எங்க தண்ணிதான்க்கா. நாளைக்கே வேற வூடு பாக்குறோம்" என்றேன்.

"ஏய், இன்னா பேசுற நீ?" என்று என் கணவர் பதறினார். சொன்ன பிறகு எனக்கும் பகீரென்றுதான் இருந்தது.

பால்கனித் தண்ணீர் வெளியே போகும் ஓட்டையைத் துணியால் அடைத்துவிட்டு, பேரலிலும் தரையிலும் நீலத்தை ஊற்றித் தேக்கினேன். பிறகு கீழே வந்து அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். வெக்கை தாங்காமல் அக்கா ஏசியைப் போட்டார். அந்தக் கோடையில்தான் வாங்கியது. இரண்டு பேரும் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. மூச்சு விடலாம் என்று நினைத்தபோது ஒரு சொட்டு விழுந்தது. சட்டென்று கண்ணை மூடிக்கொண்டேன், திறக்கத் தைரியம் வரவில்லை.

"வெள்ளையா கீதும்மா" என்றார் அக்கா.

அடுத்த சொட்டும் வெறும் தண்ணீர். அதற்கடுத்ததும். அக்கா வேட்டியைத் தொட்டுப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், பிறகு மெதுவாகச் சுவரில் ஓடிக்கொண்டிருந்த ஏசியைப் பார்த்தார். அணைத்தார். சாயங்காலத்துக்குள் சொட்டு நின்றுவிட்டது. கூரையை ஒட்டி மாட்டிய ஏசியின் தண்ணீர் போகும் குழாய் சுவருக்குள்ளேயே அடைத்துக்கொண்டு, அந்த மூலை வழியாகக் கசிந்திருந்ததாம். மறுநாள் மெக்கானிக் வந்து சரிசெய்தார். நான் மாடிக்கு வந்து, பால்கனியில் நின்ற நீலத்தைத் திறந்துவிட்டு, அங்கேயே ஈரத்தில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். அத்தனை நாள் அடக்கி வைத்தது.

பேரலை இறக்க வேண்டிய அவசியம் போய்விட்டது. வெட்டுப்பட்ட குச்சிகளில் சில நாட்களில் துளிர் வந்தது. துளிரோடு ஒட்டிக்கொண்டு பச்சைப் பச்சையாகக் காய்களும் வந்தன. மல்பெரியை வெட்டினால்தான் காய்க்கும் என்பதை நர்சரிக்காரர் சொல்ல மறந்திருக்கிறார். காய் சிவந்து கறுத்ததும் ஒரு கிண்ணம் நிறையப் பறித்து அக்காவிடம் கொடுத்தேன். விரலும் உதடும் கறுக்கத் தின்றுவிட்டு, "நீலம் ஊத்துனல்ல, அதான் இந்தக் கலரு" என்றார். நான் மறுக்கவில்லை.

இப்போதும் அவர் படிக்கட்டில் நின்று "இன்னாம்மா" என்று ஆரம்பித்தால் செடிக்கு ஊற்ற எடுத்த சொம்பைச் சட்டென்று கீழே வைத்துவிடுவேன். பிறகு அவர் பேச்சின் மீதியும் வரும்.

"மேல பழம் எதுனா பழுத்துக்கீதா?"