சுவரைத் தாண்டிய ஆமென்

கும்மிடிப்பூண்டி கம்பெனிகளில் எல்லோருக்கும் ஞாயிறு லீவு கிடைப்பதில்லை. எங்கள் கம்பெனிக்கு வார விடுமுறை வெள்ளிக்கிழமை. அதனால்தான் சபையின் வெள்ளிக்கிழமைப் பகல் உபவாச ஜெபம், புதுவாயலில் நான் குடியிருக்கும் வீட்டுக்கு வந்தது. வரிசையாகக் கட்டி வாடகைக்கு விட்ட லைன் வீடு. ஓர் அறை, சமைக்க ஒரு மூலை. பக்கத்து வீட்டுக்கும் எனக்கும் நடுவில் பேருக்கு ஒரு சுவர். அந்த வீட்டுக் குக்கர் விசிலை என்னுடையது என்று நினைத்து அடுப்பை அணைக்க ஓடியிருக்கிறேன்.

அந்த அறைக்கு மைக் எதற்கு, ஸ்பீக்கர் பாக்ஸ் எதற்கு என்று இப்போது கேட்கிறேன். பாக்ஸ் ஆட்டோவில் வந்து இறங்கிய அன்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. கணவர் இறந்த பிறகு என் வாசலில் அத்தனை ஜோடி செருப்பு கிடந்தது இந்த ஜெபத்துக்குத்தான். அந்த நாட்களில் என்னைப் பைத்தியம் பிடிக்காமல் காப்பாற்றியதும் ஜெபம்தான். அதைக் கேலி பேசுகிறவர்களோடு எனக்குச் சகவாசம் கிடையாது. கேன்டீனில் ஒருத்தி 'அல்லேலூயா' என்று இழுத்துக் கிண்டலடித்தபோது தட்டைத் தூக்கிக்கொண்டு வேறு மேசைக்குப் போனவள் நான்.

பக்கத்து வீட்டில் இருப்பவர் பொதட்டூர்பேட்டைக்காரர். தனி ஆள். என்னைவிட வயதில் சின்னவர், தம்பி என்றுதான் கூப்பிடுவேன். பிரஸ் மெஷினில் நைட் ஷிப்ட். தகட்டை வைக்க வேண்டும், கையை எடுக்க வேண்டும், அப்புறம்தான் பெடலை மிதிக்க வேண்டும். தூக்கக் கலக்கத்தில் வரிசை மாறினால் விரல் போய்விடும். ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணிக்குக் காவடி எடுத்துவிட்டு, மொட்டைத் தலையோடு எனக்குப் பிரசாதம் கொண்டுவருவார். சிரித்துக்கொண்டே வாங்கி, அவர் போனதும் கொட்டிவிடுவேன்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை, ஷிப்ட் முடிந்த கையோடு என் வாசலில் வந்து நின்றார். கண் கோவைப்பழமாகச் சிவந்திருந்தது.

"அக்கா, தப்பா எடுத்துக்காத. உன் சாமிய நான் ஒண்ணும் சொல்லல. நீ தனியா முட்டி போட்டு அழுறதுகூட எனக்குக் கேக்கும். பாவமாத்தான் இருக்கும். அந்த பாக்ஸ மட்டும் கொஞ்சம் கொறச்சுக்கக்கா. தூக்கம் இல்லாம மெஷின்ல நின்னா பேஜாரா பூடும்."

சரி தம்பி என்றேன். பாஸ்டர் வந்ததும் அவரிடம் சொன்னேன். ஆனால் சொன்ன விதம் இருக்கிறதே! "பக்கத்து ஊட்டுல ஜெபத்துக்குத் தடை பண்றாங்க ஐயா" என்றேன். ஒரு மனுஷன் தூங்கவேண்டும் என்று கேட்டதைத் தடை என்று ஆக்கியவள் நான்தான். பாஸ்டரைக் குறை சொல்ல முடியாது.

அன்றைக்குச் சத்தம் கூடியது. "சொவத்துக்கு அந்தாண்ட நின்னுக்கினு ஊழியத்தைத் தடுக்குற சாத்தானே, ஓடிப்போ!" என்று பாஸ்டர் மைக்கில் கத்தினார். எல்லோரும் ஆமென் என்றார்கள். நானும் சொன்னேன், தொண்டை கிழியச் சொன்னேன். அப்போது எனக்கு உடம்பு சிலிர்த்ததை நினைத்தால் இப்போது கூசுகிறது.

அடுத்த வெள்ளிக்கிழமை, ஜெபம் முடிந்து கொடுப்பதற்கு பிஸ்கட் வாங்க ஜங்ஷனுக்குப் போனேன். பஸ் ஸ்டாப் சிமென்ட் பெஞ்சில், சாப்பாட்டுப் பையைத் தலைக்கு வைத்து, கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டு ஒருவர் படுத்திருந்தார். யூனிபார்மைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. கல்கத்தா ரோட்டில் லாரி போகும்போதெல்லாம் கைக்குட்டை பறக்கப் பார்த்தது. தூக்கத்திலேயே அதைப் பிடித்துக்கொண்டார். எழுப்ப எனக்கு வாய் வரவில்லை. பிஸ்கட்டை வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டேன்.

வீட்டுக்கு வந்தால், பாஸ்டர் பக்கத்து வீட்டுப் பூட்டைப் பார்த்துவிட்டிருந்தார். "பாத்தீங்களா, தடை நீங்கிச்சு! சிஸ்டர், சாட்சி சொல்லுங்க" என்று மைக்கை என் கையில் கொடுத்தார்.

சாட்சி சொல்ல எங்களுக்கு ஒரு தடம் உண்டு. கஷ்டம் வந்தது, ஜெபித்தேன், கர்த்தர் கேட்டார். என் வாயும் முதலில் அந்தத் தடத்தில்தான் போனது. பாதியில் நின்றுவிட்டது.

"அவரு பஸ் ஸ்டாப்புல படுத்துக்கினு இருக்காரு. இப்பதான் பாத்துட்டு வரேன். நைட்டெல்லாம் வேல செஞ்ச மனுஷன். நாமதான் தொரத்திட்டோம்" என்றேன்.

பின்னாலிருந்து ஒரு பெரியவர், பழக்கதோஷத்தில், "ஸ்தோத்திரம்" என்றார்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. பாக்ஸின் ஒயரைப் பிடுங்கினேன். "ஏசுவுக்குக் காது நல்லாத்தான் கேக்குது ஐயா" என்று பாஸ்டர் முகத்துக்கு நேராக வெடுக்கென்று சொன்னேன். பக்கத்து வீட்டுக்காரர் என் சாமியைப் பற்றி ஒரு வார்த்தை தப்பாகச் சொல்லாமல் கேட்டாரே, அப்படிப் பேச எனக்கு வரவில்லை. பாஸ்டர் கெட்டவர் இல்லை. முகம் சுருங்கிப்போய், மெதுவான குரலில் ஜெபத்தைத் தொடர்ந்தார். நான் செருப்பை மாட்டிக்கொண்டு மறுபடி ஜங்ஷனுக்கு நடந்தேன்.

"தம்பி, எழுந்து வா. பாக்ஸ அணைச்சுட்டேன். இனிமே கெடையாது. ஊட்டுல வந்து படு."

எழுந்து உட்கார்ந்தார். கைக்குட்டையை உதறி மடித்தார்.

"லாரி சத்தத்துலயே தூங்குறேன், உங்க சத்தத்துல தூங்க மாட்டனாக்கா? அது இல்ல" என்றார். "அன்னிக்கி என்னைய சாத்தான்னு சொன்னாங்கல்ல. ஆமென் சொன்னதுல உன் கொரலு மட்டும் தனியா தெரிஞ்சுச்சு."

கோபமாகச் சொல்லவில்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வீட்டுப் பக்கம் நடந்தார். கூட நடக்க எனக்கு முகம் இல்லை. அவர் போய்க் கதவைத் திறக்கும் அளவு நேரம் அந்த பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தேன்.