வலது கன்னம்

எழுபதுகளின் கடைசியில் மதுரையில் விலங்கியல் படித்தேன். எபிதீலியத் திசுக்களைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். ரத்தக்குழாயின் உட்சுவரில் ஒற்றை அடுக்குத் தட்டைச் செல்கள், சிறுநீரக நுண்குழல்களில் கனசதுரம், குடலில் தூண் வடிவம், மூச்சுக்குழாயில் அசையும் மயிரிழைகள். தோலிலும் வாய்க்குள்ளும் பல அடுக்குத் தட்டைச் செல்கள். மேலே தேயத் தேயக் கீழிருந்து புதிது வரும். இவ்வளவும் தெரிந்த மேதாவி நான்.

செய்முறைப் பதிவேட்டுக்கு உள்கன்னத்துச் செல்கள் வேண்டும், ஒன்று நம்முடையது, ஒன்று வீட்டிலிருப்பவருடையது. நுண்ணோக்கியில் வைக்கும் கண்ணாடிச் சில்லோடு சோழவந்தானுக்குப் போனேன். அப்பாவுக்கு அங்கே வெற்றிலைக் கொடிக்கால். புகையிலை சேர்த்த வெற்றிலை அவருடைய இடது கன்னத்தில் எப்போதும் அடங்கியிருக்கும்.

வாயைக் கொப்பளித்துவிட்டு, டாக்டரிடம் காட்டுவதுபோல் பவ்யமாகத் திறந்தார். இடது கன்னத்தில் வெள்ளையாக ஒரு திட்டு. பல்குத்தும் குச்சியின் தட்டை முனையால் சுரண்டினேன். வரவில்லை.

"என்னப்பா இது?"

"சுண்ணாம்பு சுட்டதுத்தா. எண்ணெ வச்சா ஆறிரும். நீ இந்தப் பக்கம் எடு" என்று வலது கன்னத்தைக் காட்டினார்.

வெற்றிலை போடும் எங்கள் ஊரில் வாய்க்குள் எது வந்தாலும் சுண்ணாம்புதான் குற்றவாளி. நானும் அதையே நம்பினேன். உண்மையைச் சொன்னால், அந்தத் திட்டு என் சில்லைக் கெடுத்துவிடுமே என்பதுதான் அன்றைக்கு என் கவலை. சுரண்டினால் வராத வெள்ளையைப் பற்றி யாரிடமும் கேட்கவில்லை. வலது கன்னத்தில் எடுத்தேன்.

நீலச் சாயத்தில் செல்கள் அழகாக விழுந்தன. படம் வரைந்தேன், பேராசிரியர் "மிக நன்று" என்று எழுதினார். அப்பா அதைக் கொடிக்கால் ஆட்களிடம் காட்டி, "எம் மக வரஞ்சது, என் வாயி" என்று பெருமையடித்தார்.

இரண்டு வருடம் கழித்து அவரால் வாயைத் திறக்க முடியவில்லை. மதுரை ஆஸ்பத்திரியில் இடது கன்னத்தில் சதை எடுத்துச் சோதித்தார்கள். புற்றுநோய், தட்டைச் செல்களில் தொடங்கியது என்றது அறிக்கை. முன்பே வெள்ளை ஏதாவது இருந்ததா என்று டாக்டர் கேட்டார். அப்பா எனக்கு முந்திக்கொண்டு, குழறலாக, "இல்லைங்கய்யா" என்றார்.

அப்பா ஆறு மாதத்தில் போய்விட்டார். பதிவேடு இன்னும் இருக்கிறது. அதில் அவருடைய வலது கன்னத்துச் செல்கள் ஒரு குறையும் இல்லாமல் இருக்கின்றன.