யோகேந்திரன் உறுதி செய்த நட்சத்திரம்

பாசிர் கூடாங்கில் யோகேந்திரனிடம் எதையும் சும்மா சொல்லிவிட்டுப் போக முடியாது. மழை வரும்போல என்றால்கூட, "எப்படித் தெரியும்?" என்று பிடித்துக்கொள்வார். ரசாயனத் தொழிற்சாலையில் முப்பது வருஷம் அளவுக் கருவிகளைச் சரிபார்த்த மனிதர். வேலை விட்டது, குணம் விடவில்லை.

ஓய்வுக்குப் பிறகு வானத்தின்மேல் பைத்தியம் பிடித்தது. வானில் புதிதாக ஒரு புள்ளி தெரிந்தால், அது வெடித்த நட்சத்திரம்தானா என்று படத்தை மட்டும் பார்த்துச் சொல்லிவிட முடியாது. அதன் ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துப் பார்க்கவேண்டும். அதற்கான பெட்டியை அவரே செய்தார். கறுப்புப் பிளாஸ்டிக் உடம்பு. அளவைச் சரிபார்க்க டியூப் லைட்டிலிருந்து கழற்றிய ஸ்டார்ட்டர். மனைவி நிர்மலாதேவி அதைக் குப்பை என்று இரண்டு முறை வெளியே போடப் பார்த்தார். இப்போது போடவும் ஆளில்லை. மகளின் பிரசவத்துக்கு மெல்பர்ன் போனவர் பதினோரு மாதமாக அங்கேயே இருக்கிறார்.

வீடு யோகேந்திரனைத் தின்றது. பேச ஆளில்லாமல் டிவி செய்திக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். இதை அவர் நிர்மலாவிடம் மூச்சுவிட்டதில்லை.

அன்று காலை நிர்மலா போனில் கூப்பிட்டார்.

"விசா அடுத்த வாரம் முடியுதுங்க. மருமகன் நீட்டிக்கலாம்னு சொல்றாரு. அதுக்கு இன்னைக்கு ராத்திரிக்குள்ள அனுப்பணுமாம். நான் வரவா, இருக்கவா?"

"உன் இஷ்டம் லா."

"அதெல்லாம் வேணாம். எட்டரைக்குக் கூப்பிடுறேன். யோசிச்சுச் சொல்லுங்க."

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? 'வா' என்றால் முடிந்தது. அந்த ஒரு சொல்லைப் பகல் முழுக்கத் தயார் செய்தார், பாவம்.

நாலு மணிக்கு, இரண்டு வார மழை விட்டு வானம் வெளுத்தது. முந்தின நாள் யாரோ கண்டுபிடித்த ஒரு புள்ளியை இன்னும் யாரும் உறுதி செய்யவில்லை என்று கணினியில் செய்தி. ஒன்பதரைக்குள் மேற்கே இறங்கிவிடும். தொழிற்சாலை வெளிச்சத்தில் இங்கே ஒன்றும் தெரியாது. பண்டார் தெங்காராவில் நண்பரின் செம்பனைத் தோட்டம்தான் கதி. அங்கே போன் லைன் கிடைக்காது. அது அவருக்கு நன்றாகத் தெரியும். எட்டரைக்குள் லைன் கிடைக்கும் இடத்துக்கு வந்துவிடலாம் என்று தனக்குத்தானே ஒரு பொய் சொல்லிக்கொண்டு காரை எடுத்தார்.

இருட்டவே எட்டாகிவிட்டது. ஒரு மணி நேர ஒளியைச் சேர்த்துப் பார்த்தபோது, சிவப்புப் பக்கத்தில் அகலமான பள்ளம் ஒன்று விழுந்திருந்தது. சிலிக்கானின் தடம், வெடித்த நட்சத்திரத்தின் அடையாளம். சந்தேகமே இல்லை, சூப்பர்நோவா! "நிர்மலா, இங்க வந்து பாரு!" என்று கத்தியேவிட்டார். செம்பனைகளுக்கு நடுவே அவர் ஒருவர்தான் நின்றிருந்தார்.

பெரிய சாலைக்கு வந்ததும் போனுக்கு உயிர் வந்தது. நிர்மலாவிடமிருந்து மூன்று அழைப்புகள். வேறு யாரும் முந்திவிடக் கூடாதே என்று முதலில் அது சூப்பர்நோவாதான் என்று உறுதி செய்யும் அறிக்கையை அனுப்பினார். அப்புறம்தான் மனைவியைக் கூப்பிட்டார்.

"நீட்டிக்க அனுப்பியாச்சுங்க. இன்னும் ஆறு மாசம்."

"என்ன அவசரம்?"

"மூணு தடவ கூப்பிட்டேன், எடுக்கல. சரி, நான் இல்லாமலே பழகிட்டீங்கன்னு நினைச்சேன். ஒரு நாளாவது வான்னு சொல்லியிருக்கீங்களா? சொல்லியிருந்தா அன்னைக்கே வந்திருப்பேன்."

இப்போதாவது சொல்லியிருக்கலாம்.

"அங்க குளிரா இருக்கும். ஜன்னல சாத்திட்டுப் படு" என்றார்.