நின்ற இடத்துப் பந்தயம்

"…செக்குமாடு சுத்துனாக்கூட சாயங்காலம் ஒரு படி எண்ணெயாச்சும் மிஞ்சுமடி. இது நின்ன எடத்துலயே மிதிச்சு, நின்ன எடத்துலயே வேர்த்து, நின்ன எடத்துலயே பந்தயமுமாமா! நீ எங்கியாச்சும் கேட்டிருக்கறயா செவலை, இந்தக் கூத்தை?"

செவலை பதில் சொல்லவில்லை. அது பசு. பேசியவர் என் ஓரகத்தி, என் வீட்டுக்காரரின் அண்ணன் மனைவி. மாடு கட்டுகிற கட்டுத்தரையில் குத்தவைத்து, பால் கறக்கும் போசியை முழங்கால்களுக்கிடையில் இடுக்கி, மடியைத் தடவியபடி பசுவின் விலாவைப் பார்த்து அவர் சொன்ன ஒவ்வொரு சொல்லும், சுவருக்கு இந்தப்பக்கம் ஜன்னலோரம் நின்ற எனக்கானது. சொத்துப் பாகம் பிரிந்ததிலிருந்து அவர் என்னோடு பேசுவதில்லை. எனக்குச் சொல்ல வேண்டியதையெல்லாம் செவலையிடம் சொல்லிவிடுவார். எங்கள் மீனாட்சிபுரத்துப் பக்கம் சண்டைக்காரர்களுக்கு இது வழக்கம்தான். ஒருத்தர் நாயைத் திட்டுவார், ஒருத்தர் கோழியைத் திட்டுவார், கேட்க வேண்டிய காதுக்கு அது சரியாகப் போய்ச் சேர்ந்துவிடும்.

நான் பத்தாவதோடு நின்றவள். மீதிப் படிப்பு மனுஷர் வாயிலிருந்து பொறுக்கியது. யார் ஒரு சொல்லை நன்றாகச் சொன்னாலும் அன்றைக்கு முழுக்க அதை வாய்க்குள் போட்டு உருட்டிக்கொண்டிருப்பேன். இதில் என் தலையெழுத்து என்னவென்றால், எங்கள் ஊரிலேயே ருசியான பேச்சு அந்த அக்காவுடையது. என்னை வைது அவர் சொல்வதைக் கேட்டுவிட்டு, வயிறு எரிய எரிய, 'அடடா' என்றும் சொல்லிக்கொள்வேன்.

அந்தச் சைக்கிள் எங்கள் வீட்டுக்கு வந்தது என் வீட்டுக்காரரின் சர்க்கரையால். நடங்கள் என்று டாக்டர் சொன்னார். வெயிலில் எவன் நடப்பான் என்று இவர் பொள்ளாச்சியில் யாரோ வேண்டாமென்று விற்ற சாமானை வாங்கி வந்தார். சைக்கிளின் பின்சக்கரத்தை ஒரு இரும்புத் தாங்கியில் பூட்டிவிட வேண்டும். சக்கரம் ஒரு உருளையின் மேல் உரசிச் சுற்றும். எதிரே போனில் ஒரு ரோடு ஓடும். ரோட்டில் மேடு வந்தால் உருளை தானே இறுகி முழங்காலைப் பிடிக்கும், இறக்கம் வந்தால் தளர்த்திவிடும். எந்தெந்த ஊரிலோ அவரவர் வீட்டுக்குள் மிதிப்பவர்களெல்லாம் அதே ரோட்டில் பொம்மையாகப் போவார்கள்.

இவர் கொஞ்ச நாள் மிதித்தார். பிறகு அதன்மேல் லுங்கி காய்ந்தது. ஒரு மழை நாளில் லுங்கியை எடுத்துவிட்டு நான் ஏறினேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, இறங்க மனசு வரவில்லை. கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து கட்டுத்தரை, சமையல்கட்டு, பால் சொசைட்டி, இந்த மூன்றுக்கும் நடுவில் சுற்றியவள் நான். அந்தப் போனில் யாருடைய மலையிலோ ஏறிக்கொண்டிருந்தேன். மத்தியானம் சாப்பிட்டுப் பாத்திரம் கழுவி முடித்து இரண்டு மணிக்கு ஏறுவது பழக்கமாகிவிட்டது.

அந்த ரோட்டில்தான் கோயம்புத்தூர்ப் பெண் ஒருத்தி என்னைப் பிடித்தாள். இப்படி மிதிக்கிற பெண்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறாள். அதில் என்னையும் சேர்த்துவிட்டு, "ஞாயித்துக்கெழமை மூணு மணிக்கு ரேஸ் இருக்குக்கா, வந்துருங்க" என்றாள். சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் போனில் ஒரு பொத்தானை அமுக்கிப் பேர் கொடுத்துவிட வேண்டும். அவ்வளவுதான் வேலை.

அந்தப் பொத்தானை அந்த வாரம் எத்தனை தடவை விரலால் தொடாமல் தொட்டேன் என்று எனக்கே தெரியாது.

தோற்றுப்போவேன் என்பதல்ல என் பயம். ஒத்திகை மாதிரி ஒரு கூட்டத்தோடு மிதித்துப் பார்த்தேன். கிளம்பின உடனேயே அத்தனை பேரும் கருமாதிக்கு நேரமானவர்கள் போலப் பறந்தார்கள். நானும் பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தேன். முதல் மேட்டில் நெஞ்சு வாய்க்கு வந்துவிட்டது. கூட்டம் வளைவில் திரும்பி மறைந்தது. அப்புறம் அந்த ரோட்டில் நான் மட்டும். பக்கத்தில் ஒரு மரம்கூட ஆடவில்லை. என் வீட்டில், என் அறையில், என் நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தபடியே நான் தொலைந்துபோனேன். அதற்குமேல் மிதிக்கவும் முடியவில்லை, எல்லார் பார்வைக்கும் வருகிற பட்டியலில் கடைசிப் பேராக இறங்கவும் மனசில்லை.

இதைக் குழுவில் விளையாட்டாகச் சொன்னேன். உடனே முகம் தெரியாத ஒருத்தி குரல் பதிவு போட்டாள்: "பயந்தவங்கள்லாம் தயவுசெஞ்சு வராதீங்க. பேரைக் குடுக்க வேண்டியது, பாதியில எறங்கிப் போக வேண்டியது. ரேஸ் என்ன பஸ் ஸ்டாண்டா?" கூட நாலைந்து பேர் சிரிக்கிற பொம்மை போட்டார்கள். அழுகை வந்தது. ஆனாலும் 'ரேஸ் என்ன பஸ் ஸ்டாண்டா' என்பதை நானே இரண்டு முறை சொல்லிப் பார்த்தேன். நல்ல சொல்தான். கெட்டவர்களுக்குத்தான் அமைகிறது.

இது இப்படி இருக்க, கட்டுத்தரையில் வேறொரு தீ பற்றிக்கொண்டிருந்தது.

பாகம் பிரித்தபோது தோட்டத்தைப் பிரித்தார்கள், வீட்டை நடுச்சுவர் வைத்துப் பிரித்தார்கள். கட்டுத்தரையும் செவலையும் மட்டும் பொதுவில் நின்றுவிட்டன. காலைக் கறவை என் முறை, சாயங்காலக் கறவை அவர் முறை. அவரவர் கறந்தது அவரவருக்கு. கறக்கிற மிஷின் ஒன்றும் பொதுவில் இருந்தது. அதன் மோட்டார் கருகிப்போனது. யார் முதலில் சரி செய்வது என்கிற ரோஷத்தில் அது மூலையில் கிடக்க, எலி அதில் கூடு கட்டிவிட்டது. அன்றிலிருந்து இரண்டு பேரும் கையால்தான் கறந்தோம்.

செவலை மிஷினுக்குப் பழகின மாடு. மோட்டார் 'உம்ம்' என்று ஆரம்பித்தால்தான் மடி இளகும். காலையில் பசியோடு நிற்பதால் தவிட்டுக்கு ஆசைப்பட்டு எனக்குக் கொஞ்சம் சுரப்பு விடும். சாயங்காலம் முரண்டு பிடிக்கும். அக்கா தாஜா பண்ணி வாங்கிவிடுவார். ஆனால் கொஞ்ச நாளாக மடி அவர் கைக்குப் பாதிகூட இறக்கவில்லை. இரண்டு மணிக்கு நான் கட்டுத்தரைக்குள் புகுந்து திருட்டுத்தனமாகக் கறந்துவிடுகிறேன் என்று அவர் முடிவு கட்டிவிட்டார்.

சொசைட்டி வரிசையில் நான் நிற்கும்போதே, யாரோ ஒருத்தர் வீட்டு ஆட்டுக்குட்டியைப் பார்த்து அக்கா சொன்னார்: "பாத்துக் குடி சாமி. எங்க ஊட்டுல பகல்லயே பூனை உறி ஏறுது."

வரிசை முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. கேனைத் தூக்கிக்கொண்டு வீடு வந்து சேர்வதற்குள் எனக்குக் கால் நடுங்கியது. பதிலுக்குப் பேச எந்த ஆடும் எனக்குக் கிடைக்கவில்லை.

வியாழக்கிழமை அவர் காவல் இருந்தார். இரண்டு மணிக்கு நான் வழக்கம்போல் ஏறி மிதித்துக்கொண்டிருந்தேன். ஒரு மேடு. உருளை நன்றாக முனகியது. திடீரென்று ஜன்னலுக்கு வெளியே அவர் சத்தம்: "வாங்க, ரெண்டு பேரும் ஓடியாங்க! வந்து உங்க கண்ணுல பாருங்க!"

அண்ணனும் தம்பியும் ஓடி வந்தார்கள். நானும் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஜன்னலுக்கு வந்தேன். செவலை கண்ணை அரை மூடி அசைபோட்டுக்கொண்டு நின்றது. நாலு காம்பிலிருந்தும் பால் நூல் நூலாகக் கல்லின்மேல் வடிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் மனுஷ வாடையே இல்லை. நான் இறங்கி வந்த பிறகும் சுற்றிக்கொண்டிருந்த சக்கரம் ஓய்ந்தது. நூல் சொட்டாகி, சொட்டும் நின்றது.

என் வீட்டுக்காரர் தலையைச் சொறிந்தார். "ஏனுங்கண்ணா, சைக்கிள் சத்தத்தைக் கறவை மிஷின்னு நெனச்சுக்கிச்சாட்ட இருக்குதுங்க."

அண்ணனுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. இவரும் சிரித்தார். எனக்கும் வந்தது. திருட்டுப் பட்டம் போயிற்று, அக்கா இப்போது என் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்வார் என்று நினைத்தேன். அவர் செவலையின் முதுகில் கை வைத்துச் சொன்னார்:

"கையில கறந்தா என்னடி, காலுல கறந்தா என்ன? திருட்டு திருட்டுதான்."

இப்படி ஒரு வாக்கியத்தை நான் ஏழு ஜென்மம் எடுத்தாலும் சொல்ல முடியாது. ஆனால் அதைக் கேட்டு ரசிக்கிற நிலையில் அன்றைக்கு நான் இல்லை. அவரைப் பிடித்து அந்தக் கல்லில் தள்ளிவிட வேண்டும் போலிருந்தது.

ஆண்கள் பஞ்சாயத்து சீக்கிரம் முடிந்தது. சைக்கிளை வேறு அறைக்கு மாற்றலாமென்றால் நெட் அந்த ஒரு மூலையில்தான் ஒழுங்காக வரும். "அதைக் கொஞ்ச நாளைக்கு மூட்டை கட்டி வெய்யி. ஒரு பொம்மை வெளையாட்டுக்கு வாயில்லா ஜீவன் பாலைச் சிந்துமா?" என்றார் என் வீட்டுக்காரர். அவர் லுங்கி மறுபடி அதன்மேல் ஏறியது.

வெள்ளிக்கிழமை நான் மிதிக்கவில்லை. எனக்கு ஒரு வகையில் நிம்மதிகூட. பயந்து ஒதுங்கினேன் என்று யாரும் சொல்ல முடியாது, மாட்டுக்காக விட்டேன் என்று சொல்லிக்கொள்ளலாம். அந்த நிம்மதி ராத்திரி வரைக்கும்தான் தாங்கியது. என்னை நானே ஏமாற்றுவதைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம்தான் படுத்திருப்பது?

சத்தம் நின்ற பிறகு செவலைக்கு வேறு வீம்பு வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அக்காவுக்குப் போசியின் அடி நனைகிற அளவுதான் பால். சனிக்கிழமை அதுவும் இல்லை. வெந்நீர் ஒற்றினார், விளக்கெண்ணெய் தடவினார், தவிட்டில் வெல்லம் போட்டுக் கொடுத்தார். வெல்லம் போயிற்று, பால் வரவில்லை. அந்த எரிச்சலில்தான், என் பந்தய விஷயத்தைத் தன் வீட்டுக்காரர் வாயிலிருந்து கேட்டறிந்து, முதலில் சொன்னேனே, அந்தச் செக்குமாட்டை இழுத்தார்.

நான் ஜன்னலோரம் நின்றேன். கையில் போன். கோயம்புத்தூர்ப் பெண் கடைசியாக ஒரு கேள்விக்குறி மட்டும் அனுப்பியிருந்தாள்.

அக்கா விடவில்லை. "ஊருக்குப் பயந்தவளுக்குப் போனுக்குள்ள வீரமாமா. நாலு பேரு முன்னால கேனைத் தூக்கி நடக்கவே காலு நடுங்குது. இவ சீமைக்காரியோட போட்டி போடறாளாமா செவலை."

கால் நடுங்கியதை அவர் பார்த்திருக்கிறார். அதுதான் எனக்கு உறைத்தது. லுங்கியை இழுத்துக் கட்டிலில் வீசினேன். பசுவிடம் பேசாமல், நேராக அவரிடம் பேசினேன். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு.

"அக்கா, நாளைக்கு மூணு மணிக்குத்தானுங்க பந்தயம். நீங்க கறக்கற நேரம். யாரு சொன்னாலும் நான் ஏறத்தான் போறேன். நீங்க போசியோட வந்து உக்காந்தீங்கன்னா பாலு உங்களுக்கு. வீம்பு பண்ணுனீங்கன்னா மண்ணுக்கு."

அவர் திரும்பவில்லை.

"கேட்டுக்கடி செவலை. வாயும் மொளைச்சிருச்சு. எத்தனை பேரு ஓட்டறாங்களாமா, கேளு."

"முப்பது பேருங்க."

"அப்பொ நாளைக்கு இருபத்தொம்பது பேரு ஊட்டுல பாயசம்."

சிரிப்பு தொண்டை வரைக்கும் வந்தது. அவருக்கு அதைக் கொடுக்கக் கூடாதென்று விழுங்கிவிட்டுப் பொத்தானை அமுக்கினேன். பட்டியலில் என் பேர் கீழே போய் உட்கார்ந்தது.

"குடுத்துட்டேனுங்க பேரை" என்றேன்.

அவர் போசியைக் கீழே வைத்து எழுந்தார். செவலையின் கயிற்றை அவிழ்த்து, இழுத்துக்கொண்டு வந்து, என் ஜன்னலுக்கு நேர் கீழே இருக்கிற முளைக்குச்சியில் கட்டினார். திரும்பப் போய்க் காலிப் போசியை எடுத்துவந்து, எனக்கு முதுகைக் காட்டிக் குத்தவைத்து உட்கார்ந்தார். பிறகு கையைப் பின்னால் நீட்டி, ஏறி மிதி என்பதுபோல் என் சுவரில் ஓங்கி இரண்டு தட்டுத் தட்டினார்.