ஆ. சக்ஸ்மித்

முரியல் பிறந்தது கிரீன்வுட்டாக. வட இங்கிலாந்தின் எங்கள் கால்டர் பள்ளத்தாக்கில் அதைப் பெயர் என்று சொல்வதே வீண். பேருந்தில் ஏறி "மிஸ்டர் கிரீன்வுட்" என்று கூப்பிட்டால் ஓட்டுநரோடு சேர்த்துப் பாதிப் பேர் திரும்பிப் பார்ப்பார்கள். அவள் வகுப்பிலேயே இன்னொரு முரியல் கிரீன்வுட் இருந்தாள். அவள் நெட்டை முரியல், இவள் குட்டை முரியல். அதனால் கல்குவாரியில் லாரி ஓட்டிய ஆர்னல்ட் சக்ஸ்மித் தன்னைக் கட்டிக்கொள்ளக் கேட்டபோது, ஆளுக்கு முன்னால் பெயர்தான் பிடித்துப்போனது என்று பின்னாளில் அவளே சொல்லியிருக்கிறாள். இனி யாரும் குட்டை என்று அடையாளம் சொல்ல வேண்டாம். நாட்டிலேயே முரியல் சக்ஸ்மித் அவள் ஒருத்திதான்.

ஸ்மித் என்றால் கொல்லன், அதில் குற்றமில்லை. முன்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் 'சக்'தான் வினை. பழைய காலத்தில் அதற்கு என்ன பொருள் இருந்ததோ, இன்றைய பேச்சில் அது சப்புவது. கல்யாணத்தன்றே முரியலின் சித்தப்பா பீர் குவளையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"ஏன் கண்ணு, பச்சைக் காட்டை விட்டுட்டுப் போயும் போயும் சப்புற வீட்டுக்கா வாக்கப்படுறே?"

எல்லாரும் சிரித்தார்கள். முரியலும் சிரித்தாள். ஆர்னல்ட் சிரிக்கவில்லை. ஊரெல்லாம் குதிரைக்கு லாடம் அடித்துக்கொண்டிருந்த காலத்தில் தன் முன்னோர்கள் ஏருக்கு மண்ணைக் கீறும் கொழு அடித்தவர்கள் என்று அவருக்குத் தாத்தா சொல்லிக் கொடுத்திருந்தார். "கொழு இல்லாம ஏர் ஏது, ஏர் இல்லாம உங்க தட்டுல ரொட்டி ஏது?" என்று மதுக்கடையில் மேசையைத் தட்டுவார். மனிதர் வாழ்நாளில் ஏரைத் தொட்டதில்லை. அவர் கை பழகியதெல்லாம் லாரி ஸ்டியரிங்கும் இடுப்பு பெல்ட்டும்தான். பெல்ட் எதற்கு என்பது முரியலுக்கும் பிள்ளை நெவிலுக்கும் தெரியும்.

நெவில் ஒரே பிள்ளை. பள்ளிக்கூடத்தில் அவனுக்குச் 'சப்பி' என்று பெயர். பதினேழு வயதில் சாயப் பட்டறை வேலைக்குப் போனான். அங்கே தடியன்கள் அதையே இன்னும் அசிங்கமாகச் சொன்னார்கள். ஒரு வெள்ளிக்கிழமை கிழிந்த உதட்டோடும் கிழிந்த சட்டையோடும் வந்து நின்றான்.

"எனக்கு இந்தப் பேரு வேணாம்பா. நீயே வச்சுக்க."

ஆர்னல்ட் பெல்ட்டை உருவினார். முரியல் குறுக்கே விழுந்தாள். பெல்ட்டின் இரும்புக் கொக்கி அவள் வாயில் பட்டு ரத்தம் கொட்டியது. அவள் சமையலறைக் குழாயைத் திறந்து வாயைக் கழுவிக்கொண்டிருந்தபோது வாசலில் அப்பனும் மகனும் ஏதோ கத்திக்கொண்டார்கள். தண்ணீர்ச் சத்தத்தில் அது அவள் காதில் விழவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தபோது தெரு காலியாக இருந்தது.

அதற்குப் பிறகு கடிதம் இல்லை, தகவல் இல்லை. ஆர்னல்டின் முன்னால் அவன் பெயரை எடுக்க முடியாது. முரியல் கடைத்தெருவில் மீன் வறுத்துப் பொட்டலம் கட்டிக் கொடுக்கும் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். ஊர் வாய் முழுக்க அந்தக் கடை வரிசையில்தான் நிற்கும், யாராவது எதையாவது கேள்விப்பட்டிருப்பார்கள் என்ற நப்பாசை. வரிசையில் நின்றவர்கள் பேசாத விஷயமில்லை, நெவிலைத் தவிர.

ஆறு வருஷம் கழித்து ஆர்னல்ட் லாரியில் உட்கார்ந்தபடியே மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். அடக்கத்தன்று முரியல் பெட்டியைப் பார்த்ததைவிடச் சபை வாசலைப் பார்த்ததுதான் அதிகம். உள்ளூர்ப் பத்திரிகையில் போட்ட மரணச் செய்தி உள்ளூரோடு நின்றுவிட்டது.

துக்கம் கேட்க வந்த பக்கத்து வீட்டுப் பில்லிஸ் தேநீரை ஊற்றிக்கொண்டே முதலில் கேட்டது, ஹாலிஃபாக்ஸ் வட்டாரத்தின் பெயர், விலாசம், எண் எல்லாம் அச்சாகி வரும் தொலைபேசிப் புத்தகத்தைப் பற்றித்தான். அதில் 'ஆ. சக்ஸ்மித்' என்று ஆர்னல்டின் முதலெழுத்தோடு ஒரு வரி இருந்தது.

"அதை மாத்திக் கீத்தி வைக்காதே முரியல். பொம்பளைப் பேரைப் போட்டேன்னா, தனியா இருக்கான்னு கண்ட கண்ட நாயும் ராத்திரியில போன் பண்ணும். எங்க வீட்டுக்காரரு போய் எட்டு வருஷமாச்சு. புத்தகத்துல பாரு, நல்லா கல்லுக்குண்டாட்டம்தான் இருக்காரு."

பில்லிஸ் சொல்லாவிட்டாலும் முரியல் அதை மாற்றியிருக்க மாட்டாள். அவள் கணக்கு வேறு. பையன் எங்கே, எந்தப் பெயரில் இருக்கிறானோ, அவளால் தேடிப் பிடிக்க முடியாது. ஆனால் அவனுக்கு என்றைக்காவது அம்மா நினைப்பு வந்தால் அவளைப் பிடிப்பது சுலபம். கிரீன்வுட் என்றால் பக்கம் பக்கமாகத் தடவ வேண்டும். ஆ. சக்ஸ்மித் புத்தகத்திலேயே ஒரே வரி. அந்த வரியில் ஓர் எழுத்து மாறினாலும் வேறு யாரோ என்று எண்ணிப் புத்தகத்தை மூடிவிடுவான் என்று பயந்தாள். எதையும் மாற்ற வேண்டாம் என்று தொலைபேசி அலுவலகத்துக்கு எழுதிக் கொடுத்தாள். வருஷா வருஷம் புதுப் புத்தகம் வந்தவுடன் அந்த வரி இருக்கிறதா என்று விரல் வைத்துப் பார்ப்பாள். வீட்டுச் சுவர் ஈரம் கசிந்து கறுத்துக்கொண்டிருந்தது. நகராட்சி வேறு வீடு தருகிறோம் என்றது. போகமாட்டேன் என்றுவிட்டாள். பில்லிஸ் தலையில் அடித்துக்கொண்டாள்.

கடை அரைநாள் மூடும் புதன்கிழமைகளில் பக்கத்து ஹாலிஃபாக்ஸ் நகர நூலகத்துக்குப் போவாள். நாட்டிலுள்ள எல்லா ஊர்த் தொலைபேசிப் புத்தகங்களும் அங்கே அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றிலும் சக்ஸ்மித்தைத் தேடுவாள். அப்போதுதான் அந்தப் பெயர் எவ்வளவு அபூர்வம் என்பது அவளுக்கு உறைத்தது. ஹாலிஃபாக்ஸைச் சுற்றிக் கொஞ்சம், லிங்கன் பக்கம் எழுத்து சற்று மாறி ஷக்ஸ்மித் என்று கொஞ்சம், மற்ற ஊர்களில் வெறும் காகிதம். இருந்தவர்கள் எல்லாரையும் போனில் கூப்பிட்டுவிட்டாள். "உங்க வீட்ல நெவில்னு யாராச்சும் இருக்காங்களாம்மா?" சிலர் பரிதாபப்பட்டார்கள். சிலர் சட்டென்று வைத்துவிட்டார்கள்.

அப்படி மாட்டிக்கொண்டவர்தான் லிங்கனில் இருந்த செட்ரிக் ஷக்ஸ்மித். ஓய்வு பெற்ற பூகோள வாத்தியார், பேச ஆள் கிடைக்காதா என்று காத்திருந்தவர்.

"நெவிலா? இருந்தாரே! ஆயிரத்து எழுநூத்திச் சொச்சத்துல ஒருத்தர். கொல்லர்தான், ஆனா ஆடு திருடிட்டு மாட்டிக்கிட்டாரு."

"நான் எம்பிள்ளையக் கேக்குறேங்க."

"ஓ..." என்றார் செட்ரிக். கொஞ்சம் பொறுத்து, "அந்த ஆட்டு விஷயம் முழுசா நிரூபணமாகலை" என்றார்.

பெயர்ப் பைத்தியம் பிடித்த மனிதர், ஆனால் ஈரமுள்ளவர். அதற்குப் பிறகு மாதம் ஒருமுறை அவரே கூப்பிட்டுப் பேசுவார். ஒருநாள் அவருக்கு ஒரு யோசனை தோன்றியது. நாட்டிலுள்ள சக்ஸ்மித்துகளை எல்லாம் ஒரே கூரையின் கீழ்க் கூட்டினால் என்ன? லண்டன் பத்திரிகைகளிலும் விளம்பரம் போடலாம். முரியல் அதைக் கேட்டதும் பிடித்துக்கொண்டாள். செட்ரிக்குக்கு அது கூட்டம். அவளுக்கு அது நாடு முழுக்கக் கேட்கும்படி நெவிலைக் கூப்பிடும் ஒரு குரல். இதிலும் வராவிட்டால் இனிமேல் எதில் வருவான்? அவளுக்கு வயது அறுபதைத் தாண்டியிருந்தது. கைவசம் வேறு வழி எதுவும் மிச்சமில்லை.

விளம்பரத்தைச் செட்ரிக் எழுதினார். சக்ஸ்மித், ஷக்ஸ்மித் பெயருடையோர் அனைவரும் வருக. வரவேற்பு, திருமதி ஆர்னல்ட் சக்ஸ்மித். கணவர் போன பிறகும் மரியாதைப்பட்ட பெண்ணை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் எழுதுவது வழக்கம். முரியலுக்கும் அது தப்பாகத் தோன்றவில்லை.

ஆகஸ்ட் மாதச் சனிக்கிழமை. மெதடிஸ்ட் சபைக் கூடத்தில் முரியல் விடிந்ததிலிருந்து ரொட்டிக்கு வெண்ணெய் தடவி, பன்றிக்கறிப் பணியாரங்களை அறுத்து அடுக்கினாள். வந்தவர்களின் சட்டையில் செட்ரிக் பெயர் எழுதிய அட்டையைக் குத்திவிட்டார். சுவரில் நாட்டின் வரைபடம். ஹாலிஃபாக்ஸ்மேல் சிவப்பு ஊசிகள் மொய்த்தன. லிங்கனில் கொஞ்சம். தெற்கே போகப் போக மொட்டையாக இருந்தது.

"நம்ம ஆளுங்க கொழு அடிச்சாங்க, அடிச்ச இடத்துலயே குந்திக்கிட்டாங்க" என்று செட்ரிக் தொடங்கினார். "சக் அப்படின்னா அந்தக் காலத்துல கொழு..."

"அரிவாள்!" என்று பின்வரிசையில் ஒரு பெரியவர் எழுந்தார். "அரிவாள் அடிச்சவங்கய்யா நாம. எங்கப்பா சொல்லியிருக்காரு."

"உங்கப்பா கசாப்புக் கடை வச்சிருந்தாரு, அவருக்கு எல்லாமே அரிவாள்தான்" என்றாள் அவர் மனைவி. கூடம் குலுங்கியது.

முரியல் தேநீர் அண்டாவின் அருகே நின்று முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முப்பத்தைந்து வயது மதிக்கும்படி யார் வந்தாலும் நெவிலின் முகத்தோடு ஒத்துப் பார்த்தாள். தாடி வைத்தவனைத் தாடியில்லாமல் நினைத்துப் பார்த்தாள். பருத்தவனை மெலிய வைத்துப் பார்த்தாள். யாரும் நெவில் இல்லை. ஒருவனிடம் தேநீரை நீட்டி, "உங்கம்மா இருக்காங்களா தம்பி?" என்றுகூடக் கேட்டாள். இருக்கிறாள் என்றான், கொடுத்து வைத்தவள்.

பேச்சு முடியும் தறுவாயில் வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். வயது முப்பது இருக்கும். தெற்கத்திப் பேச்சு. செட்ரிக் அட்டையும் பேனாவுமாக ஓடினார்.

"பேரும்மா?"

"லொரேன் ஸ்மித்."

"வெறும் ஸ்மித்தா! ஐயய்யோ, உங்களுக்குக் கூட்டம் போடணும்னா மைதானம்ல வேணும். இது சக்ஸ்மித்துங்களுக்கு மட்டும்மா."

"நான் விருந்துக்கு வரலை. பேப்பர்ல விளம்பரம் பாத்துட்டு வந்தேன். ஆர்னல்ட் சக்ஸ்மித்தைப் பாக்கணும்."

முரியல் கையிலிருந்த கோப்பையை வைத்துவிட்டு வந்தாள். "நான் அவரோட சம்சாரம்தான். உள்ள வாம்மா" என்று சமையற்கட்டுக்கு அழைத்துப்போய்க் கதவைச் சாத்தினாள். அந்தப் பெண் உட்காரவில்லை. முரியலின் மேலுதட்டில் இருந்த தழும்பையே பார்த்தாள்.

"அப்ப நீங்கதான் நெவிலோட அம்மா."

"எங்க அவன்?" முரியல் அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். "வெளியில நிக்கிறானா? கூச்சப்படுறானா? உள்ள வரச் சொல்லு கண்ணு. யாரும் ஒரு வார்த்தை கேக்க மாட்டாங்க, நான் பாத்துக்கறேன்."

லொரேன் இல்லையென்று தலையை ஆட்டினாள். பிறகு நின்றபடியே சொன்னாள். மார்ச் மாதம். தெற்கே கென்ட்டில் ஒரு கட்டட வேலை. சாரப் பலகை ஈரமாக இருந்திருக்கிறது, நெவில் வழுக்கி விழுந்துவிட்டான். மருத்துவமனைக்குக் கொண்டுபோகுமுன்பே உயிர் போய்விட்டது. அவள் அவனைக் கட்டி ஒன்பது வருஷம். ஊரை விட்டு வந்தவுடனே பெயரின் முன்பாதியை வெட்டிப்போட்டுவிட்டு ஸ்மித் ஆகிவிட்டானாம்.

முரியல் பாத்திரத் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அடுத்த அறையில் கொழுவும் அரிவாளும் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருந்தன.

"எனக்கு ஒரு வரி எழுதியிருக்கலாமேம்மா. ஒரே ஒரு வரி."

"எழுதினா உங்களுக்குத்தான் அடி விழும்னு சொல்லுவாரு. கடைசியா அன்னிக்கு உங்க வாயில ரத்தம் பாத்தாராம். அதச் சொல்லும்போதெல்லாம் அழுவாரு." லொரேனின் குரல் உயர்ந்தது. "வாசல்ல அவங்கப்பாகிட்ட சொல்லிட்டுத்தான் வந்தாராம், 'நீ சாவுற வரைக்கும் இந்த வாசப்படிய மிதிக்க மாட்டேன், செத்த மறுநாள் வந்து எங்கம்மாவைக் கூட்டிட்டுப் போவேன்'னு. வருஷா வருஷம் புதுப் புத்தகம் வந்ததும் லைப்ரரிக்குப் போயிடுவாரு. ஹாலிஃபாக்ஸ் புத்தகத்தை எடுப்பாரு. ஆ. சக்ஸ்மித்னு ஒரே வரிதானே, உடனே கிடைச்சிடும். வீட்டுக்கு வந்து, 'கிழவன் இன்னும் இருக்கான்'னு சொல்லிட்டுப் படுத்துக்குவாரு. உங்களுக்குன்னு ஒரு அறையைக்கூடப் பெயின்ட் அடிச்சு வச்சிருந்தாரு."

லொரேன் சாத்தியிருந்த கதவைப் பார்த்தாள்.

"எங்க அந்த ஆளு? அவர் மூஞ்சிக்கு நேரா நின்னு நாலு வார்த்தை கேக்கணும்னுதான் இவ்வளவு தூரம் வந்தேன். கூப்பிடுங்க அவரை."

"அவரு செத்துப் பன்னெண்டு வருஷமாச்சும்மா."

"பொய் சொல்லாதீங்க! புத்தகத்துல இருக்காரே! அவர் உசிரோட இல்லாமயா அவர் பேரைப் போடுவாங்க?"

"நான்தான் எடுக்க வேணாம்னு எழுதிக் குடுத்தேன்" என்றாள் முரியல். "எம்பிள்ளை தேடி வந்தா, அந்த வரியப் பாத்து, வீட்டைக் கண்டுபிடிச்சு..."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே தான் என்ன சொல்கிறோம் என்பது அவளுக்கு விளங்கிவிட்டது. லொரேனுக்கும் விளங்கிவிட்டது. அவள் கோபமெல்லாம் வடிந்து, "அம்மா, வேணாம், சொல்லாதீங்க" என்று முரியலின் வாயைப் பொத்த வந்தாள். முரியல் அந்தக் கையைத் தட்டிவிட்டுச் சமையற்கட்டுத் தரையில் அப்படியே உட்கார்ந்து அலறினாள். கூடத்தில் பேச்சு நின்றுபோனது. கதவைத் திறந்துகொண்டு வந்த அந்தப் பெயர்க்காரர்கள் அத்தனை பேரும் என்ன நடந்தது என்று தெரியாமல், கையில் தட்டும் சட்டையில் அட்டையுமாக அவளைச் சுற்றி நின்றார்கள்.