சதுப்புக்காட்டின் முப்பத்தொரு பெயர்கள்

எர்ணாவூர் குடியிருப்பின் மூன்றாம் மாடி வராந்தாவிலிருந்து யசோதரா கீழே பார்த்துக் கத்தினார்.

"வேங்கைமாறா!"

கீழே தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் முதுகைக் காட்டி நின்ற அவருடைய கணவர் பகலவன், கேட்ட பெயரை அப்படியே திருப்பிக் கத்தினார். யசோதரா நோட்டில் ஒரு டிக் அடித்தார்.

"இலஞ்சியொளியாள்!"

பகலவன் தலையைச் சொறிந்தார். "பாதிய காத்து தூக்கிகினு பூட்சு!"

யசோதரா அதன்மேல் கோடு கிழித்தார். மூன்றாம் மாடியிலிருந்து தரைக்கு முழுசாக வந்து சேராததை அவர் பெயர் என்று ஒப்புக்கொள்வதில்லை.

பக்கத்து வீட்டுச் சிவந்தி துணி உலர்த்தியபடியே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். "இன்னா யசோ, இத்தினி பேரு வெக்கிறியே, புள்ளைங்க எங்க கீது?"

"காட்ல."

"எந்தக் காட்ல?"

"கம்ப்யூட்டர்ல கீற காட்ல."

"சர்தான். அங்கனாவுது மய பேஞ்சா வூடு ஒழுவாம இருந்தா சரி" என்று சொல்லிவிட்டு, சிவந்தி காலி பக்கெட்டுடன் உள்ளே போனார்.

யசோதராவுக்கு நாற்பத்து மூன்று வயது. பத்தொன்பது ஆண்டுகளாகக் கம்ப்யூட்டரில் பெயர் அடிக்கிறார். வாக்காளர் பட்டியல், குடும்ப அட்டை, காப்பீட்டு அட்டை என்று எது வந்தாலும் வேலை ஒன்றுதான்: கையெழுத்துப் படிவத்தைப் பார்த்துப் பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், கதவு எண், வயது. ஒப்பந்தக்காரர்கள் மாறினார்கள், நாற்காலிகள் உடைந்தன, பெயர்கள் வந்துகொண்டே இருந்தன. இப்போது ஒரு பெயரைப் பார்த்தால் அந்த ஆள் எந்தப் பத்தாண்டில் பிறந்தவர், வீட்டில் எத்தனையாவது பிள்ளை, பெயர் வைத்தவர் அப்பாவா அத்தையா கோயில்காரரா என்று யசோதராவால் ஓரளவு சொல்லிவிட முடியும். யாரும் கேட்டதில்லை.

முதன்முதலில் கேட்டவள் ஜெனி. ராயபுரத்தில் ஜெனியின் அப்பா மொத்த விலை மளிகைக் கடை வைத்திருக்கிறார். கடைக்கு மேலே ஒரு அறையில் ஜெனி மூன்று கம்ப்யூட்டர்களைப் போட்டு ஒரு விளையாட்டைச் செய்துகொண்டிருந்தாள். கீழேயிருந்து மிளகாய் வத்தல் நெடி ஏறும். புதிதாக வருகிறவர்கள் முதல் பத்து நிமிடம் தும்மிவிட்டுத்தான் பேச ஆரம்பிப்பார்கள். அங்கே புரோகிராம் எழுதும் கமால், ஒரு காலத்தில் யசோதராவின் பக்கத்து நாற்காலியில் பெயர் அடித்தவன். அவன்தான் அவரைக் கூட்டிப்போனான்.

"எல்ஃப்னு ஒரு ஜனம்க்கா" என்று கமால் விளக்கினான். "காட்ல இருப்பாங்க. காது நீட்டமா கீது. ஆயிரம் வருசம் சாவமாட்டாங்க."

யசோதரா தும்மி முடித்துவிட்டுக் கேட்டார். "வயசுக்கு அத்தாட்சி இன்னா காட்டுவாங்க?"

ஜெனி சிரித்தாள். யசோதரா சிரிக்கவில்லை. அது அவர் உண்மையாகவே கேட்ட கேள்வி.

அதுவரை ஜெனி, பெயர் செய்து தரும் ஏதோ ஓர் இணையதளத்திலிருந்து பெயர்களை எடுத்திருந்தாள். எலாரியேன், தலவிரியல், எலவாரியன். விளையாடிப் பார்த்தவர்களுக்கு யார் அரசி, யார் குதிரைக்காரன் என்று பிடிபடவில்லை. யசோதரா முதலில் எல்ஃபுக்கு நெடுஞ்செவியர் என்று பெயர் வைத்தார். பிறகு நூலகத்தில் மரங்களைப் பற்றிய இரண்டு புத்தகங்களை எடுத்துக்கொண்டு போனார். ஐந்து வாரத்தில் மேல்காட்டு நெடுஞ்செவியர் இருநூற்று எண்பது பேரின் பட்டியலைக் கொடுத்தார்.

ஜெனி பட்டியலைத் திறந்தாள். பெயர், தாய் அல்லது தந்தை பெயர், மர எண், கிளை எண், வயது என்று பத்தி பிரித்திருந்தது. ஞாழலாதன், வயது 612, மர எண் 14, மூன்றாவது கிளை. கடைசிப் பக்கத்தில், இறந்தவர்களும் வேறு காட்டுக்குக் குடிபெயர்ந்தவர்களும் நீக்கப்பட்ட விவரம் இருந்தது. பதினெட்டு வயதுக்குக் கீழே ஒருவர்கூட இல்லை.

"குட்டி எல்ஃபெல்லாம் எங்கக்கா?"

யசோதரா பட்டியலைப் பார்த்தார். முகம் மாறியது. "ஓட்டு லிஸ்ட்டு பயக்கம். வுட்டுட்டேன்" என்று ஒப்புக்கொண்டு, மறுநாள் இருபத்திரண்டு குழந்தைகளைச் சேர்த்துக் கொடுத்தார்.

அரசாங்கப் படிவத்தில் இல்லாத ஒரு பத்தியையும் அவர் சேர்த்திருந்தார். பெயர் வைத்தவர். எந்தப் பெயரும் தானாக முளைப்பதில்லை, யாரோ ஒருவர் வைக்கிறார், அது யார் என்று தெரியாமல் பட்டியல் முழுமையாகாது என்பது பத்தொன்பது ஆண்டுகளில் அவர் வந்து சேர்ந்த முடிவு. அதுவரை அந்தப் பத்தியைச் சேர்க்க அவருக்கு அதிகாரம் இருந்ததில்லை.

ஜெனிக்கு எல்லாம் பிடித்திருந்தது. அடுத்த வாரம் கீழ்க்காட்டுக்கான குறிப்பைக் கொடுத்தாள். கழிமுகத்துச் சதுப்பில் வாழும் நெடுஞ்செவியர் முப்பத்தொரு பேர். படகோட்டுவார்கள், நண்டு பிடிப்பார்கள், மேல்காட்டுக்காரர்களுக்குச் சுமை தூக்குவார்கள். பெயர்கள் சின்னதாக, முரடாக, கொஞ்சம் அழுக்காக இருக்க வேண்டும். உதாரணம்: சேறன், ஊளை, மொட்டை, குப்பி.

யசோதரா குறிப்பை இரண்டு முறை படித்தார். இந்த மாதிரிப் பெயர்களை அவர் நிறைய அடித்திருக்கிறார், பெரும்பாலும் பெயர் திருத்தப் படிவங்களில். வயதானவர்கள் கொண்டுவருவார்கள். பழைய பெயர் ஒரு கட்டத்தில், புதிய பெயர் ஒரு கட்டத்தில் இருக்கும். திருத்தத்துக்கான காரணம் என்ற கட்டத்தில் எல்லோரும் ஒரே வரியைத்தான் எழுதியிருப்பார்கள்: தவறாகப் பதிவாகிவிட்டது.

பத்து நாள் கழித்துப் பட்டியல் வந்தது. கண்டலெழினி. நாரைவேள். தில்லையாழி. சுரபுன்னை. கழியரசி. எல்லாமே அலையாத்திக் காட்டின் மரங்களும் பறவைகளும் கழியும். எல்லாமே மூன்றாம் மாடியிலிருந்து இறங்கிப் பார்த்தவை. அவற்றுக்குப் பக்கத்தில் ஜெனி கேட்ட சேறன், ஊளை, மொட்டை வகையறாவும் ஒன்று விடாமல் இருந்தன. அந்தப் பத்தியின் தலைப்பு: மேல்காட்டார் கூப்பிடுவது. பெயர் வைத்தவர்: மேல்காட்டார்.

"அக்கா, மேல்காட்ட விட இவங்க பேரு நல்லாருக்கு" என்றாள் ஜெனி. அது பாராட்டு இல்லை.

"ஆமா."

"யாரு மேல, யாரு கீழன்னு வெளாடறவங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"எதுக்குத் தெரியணும்?"

கமால் திரையைத் திருப்பிக் காட்டினான். "தலைக்கு மேல ஒரு பேருதான்க்கா காட்ட முடியும். ரெண்டு பத்தி கீது. எத்தப் போடறது?"

"சேறன்தான்" என்றாள் ஜெனி. "கதை அப்பிடித்தான எழுதியிருக்கு. இப்ப போயி அத மாத்த முடியாதுக்கா. வெள்ளிக்கிழம சங்கரநாராயணன் மாமா வர்றாரு."

சங்கரநாராயணன் ஜெனியின் அப்பாவுக்குத் தெரிந்த இரும்புக் கடைக்காரர். விளையாட்டு பிடித்திருந்தால் மேற்கொண்டு ஆகும் செலவைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்.

யசோதரா நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டார். கோபமாகப் பேசுவது அவருக்கு வராது. முகவரி சொல்வது மாதிரிதான் சொன்னார்.

"நான் மொத மொத வேலைக்குப் போன எடத்துல மேனேஜர் என்னைப் பேர் சொல்லிக் கூப்டமாட்டாரு. எங்க ஏரியாவ வெச்சு ஏய் வியாசர்பாடின்னுவாரு. நாலு நாளு கூப்டாரு. நாலு நாளும் நான் திரும்பல. அடிக்க வேண்டிய ஃபார்ம் அவரு டேபிள்லயே குமிஞ்சு போச்சு. அஞ்சாம் நாளு அவரே எயுந்து வந்து, உம் பேரு இன்னாம்மான்னு கேட்டாரு. சொன்னேன். எங்கப்பா அப்பாவு. ஹார்பர்ல கப்பலுக்குத் துரு சொரண்டுனவரு. மூணு ஞாயித்துக்கெயம வாசகசாலையில குந்திகினு தேடி வெச்ச பேரு அது."

கமால் கீபோர்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

"அப்ப சேறன்னு கூப்ட்டா படகுக்காரரு திரும்பமாட்டாரு" என்றான் கமால் மெதுவாக. "படகும் வராது. சின்ன வேலதான் ஜெனி. ஒரு மணி நேரம்."

"படகு வரலன்னா ஆட்டமே நின்னு போயிரும்டா."

"நிக்கட்டும்" என்றார் யசோதரா.

ஜெனி நகத்தைக் கடித்தபடி யோசித்தாள். "சரிக்கா. வச்சுப் பாப்போம். ஆனா வெள்ளிக்கிழம சொதப்புச்சுன்னா ஒங்க முப்பத்தோரு பேரும் போயிரும். சேறன்தான் நிக்கும். அப்பறம் என்னைய ஒண்ணும் சொல்லக்கூடாது."

"சொல்லமாட்டேன்."

வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணிக்குச் சங்கரநாராயணன் வந்தார். தும்மவில்லை. அவருக்கு மிளகாய் மண்டிகளும் பழக்கம். யசோதரா சுவரோரம் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். ஜெனி மேல்காட்டு இளவரசனைச் சங்கரநாராயணன் கையில் ஒப்படைத்தாள். அவரும் இளவரசனை மரத்துக்கு மரம் நிதானமாக நடத்திக் கழிமுகத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தார். அக்கரையில் ஒரு படகு. படகில் ஒரு நெடுஞ்செவியர், முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். இளவரசனின் வரைபடத்தில் அந்த இடத்தில் சேறன் என்று எழுதியிருந்தது. படகைக் கூப்பிட, சங்கரநாராயணன் சேறன் என்று தட்டினார்.

படகு அசையவில்லை.

மறுபடி தட்டினார். மூன்றாம் முறை தட்டியபோது, கடைப் பழக்கத்தில் வாயாலும் கூப்பிட்டார். "ஏலேய் சேறா!"

ஏழு நிமிடம் ஆயிற்று. ஜெனி கமாலைப் பார்த்தாள். கமால் கீபோர்டைப் பார்த்தான். யசோதரா நோட்டைத் திறக்காமல் மடியிலேயே வைத்திருந்தார்.

"என்னம்மா ஜெனி, இவன் வரமாட்டுக்கானே? மிஷின் கோளாறா?"

ஜெனி வாயைத் திறந்தாள். கோளாறு என்று சொல்லிவிடுவதற்கு எல்லா வசதியும் இருந்தது. அவள் யசோதராவைத் திரும்பிப் பார்த்தாள்.

"இல்ல மாமா" என்றாள். "அது அவரு பேரு இல்ல."

"மேப்புல போட்டிருக்கே."

"மேப்பு மேல்காட்டுக்காரங்க எழுதுனது."

சங்கரநாராயணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மாட்டிக்கொண்டார். "அப்ப என்னதான் பேரு?"

"நீங்களே அவர கேளுங்க சார்" என்றார் யசோதரா. அன்று காலையிலிருந்து அவர் பேசிய முதல் வாக்கியம் அது.

"கேக்கறதுக்கு எதை அமுக்கணும்?"

கமால் காட்டினான். அமுக்கினார். அக்கரையில் இருந்தவர் பாதி திரும்பி, தன் பெயரைச் சொன்னார். சங்கரநாராயணன் ஒற்றை விரலால் எழுத்து எழுத்தாகத் தட்டினார். இரண்டு முறை தப்பாயிற்று. மூன்றாம் முறை படகு கரையை விட்டது.

"கண்டலெழினி" என்று சங்கரநாராயணன் வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். "வாராரு பாரு."

படகு இக்கரைக்கு வந்து நின்றது. இளவரசன் ஏறுவதற்கான பலகையும் விழுந்தது. அடுத்து அவர் அக்கரை போய், கோட்டைக்குள் நுழைந்து, டிராகனுடன் சண்டை போட வேண்டும். அந்த டிராகனுக்காக ஜெனியும் கமாலும் நாலு மாதம் உழைத்திருந்தார்கள். சங்கரநாராயணன் ஏறவில்லை. கரையோரமாக இளவரசனை நடத்திக்கொண்டு போனார். சற்றுத் தள்ளி ஒரு பெண் நண்டு வலை உதறிக்கொண்டிருந்தார். வரைபடத்தில் குப்பி என்று இருந்தது. சங்கரநாராயணன் வரைபடத்தை மூடினார்.

"இந்தம்மா பேரு என்னன்னு கேப்போம்" என்றார்.

கழியரசி என்று வந்தது. அதற்கப்பால் நாரைவேள். அதற்கப்பால் தில்லையாழி. பன்னிரண்டரைக்குக் கீழே கடையிலிருந்து சாப்பாட்டுக்கு ஆள் வந்து கூப்பிட்டான். சங்கரநாராயணன், இன்னும் ஒன்பது பேர் பாக்கி என்று சொல்லி அனுப்பினார். ஜெனி தன் கம்ப்யூட்டரில் கீழ்க்காட்டுக் குறிப்பைத் திறந்து, முரடாக, கொஞ்சம் அழுக்காக என்ற வரியை அழித்தாள்.

அன்று டிராகனைக் காட்ட நேரம் இல்லாமல் போயிற்று.